டர்ன்! டர்ன்! டர்ன்! – மூலத்தை மறக்கடித்த நகல்

கேள்வி – 3 அக்டோபர் 2025

'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். சொற்கள் பைபிளில் இருப்பவை. பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1965இல் செய்தது வெறும் மறுபதிவு, அதுவும் சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த மறுபதிவு. ஆனால் யாரைக் கேட்டாலும் அதை பேர்ட்ஸ் பாட்டு என்றுதான் சொல்கிறார்கள். மூலத்தை விட்டுவிட்டு நகலை அறுபது வருஷமாகக் கொண்டாடுவது ஏன்? சீகர் பாடியதைக் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா?

3 அக்டோபர், இரவு 10.40

உண்டு. இரண்டையும் கணக்கில்லாமல் கேட்டிருக்கிறேன். 'சர்க்கரைப் பாகு' என்பதை மட்டும் வாபஸ் வாங்குங்கள். மற்றபடி நீங்கள் சொல்வதில் பாதி சரி.

சீகர் பாடுவது ஒரு குரல், ஒரு கருவி, எதிரே ஒரு கூட்டம். நல்ல வாத்தியார் பாடம் நடத்துகிற மாதிரி. ஒரு வரி புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். பேர்ட்ஸ் பதிவில் வாத்தியார் கிடையாது. கிட்டார் தொடங்கும்போது, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நுழைகிற சத்தம். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மீதி நாளைக்கு. காலையில் ஷிப்ட்.

4 அக்டோபர், மதியம்

மூலம் மூலம் என்கிறீர்கள், அதிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சீகர் இதற்கு மெட்டுப் போட்டது 1950களின் கடைசியில். ஆனால் இசைத்தட்டாக முதலில் கொண்டுவந்தவர் அவர் இல்லை. லைம்லைட்டர்ஸ் என்ற மூவர் குழு 1962இல் வேறு தலைப்பில் பாடி வெளியிட்டது. சீகரின் சொந்தப் பதிவு அதே வருஷம் அதற்குப் பிறகு வந்தது. ஆக, கடைக்கு வந்த கணக்கைப் பார்த்தால் சீகரே இரண்டாவது ஆள்.

சொற்களுக்குப் போனால் பிரசங்கி புத்தகம், 3ஆம் அதிகாரம், முதல் எட்டு வசனம். 2,200 வருஷத்துக்குக் குறையாத பழசு. மெட்டும் 'டர்ன்' என்ற பல்லவியும் கடைசியில் வரும் ஆறு ஆங்கிலச் சொற்களும்தான் தன்னுடையவை என்று சீகரே சொல்லியிருக்கிறார். அந்த ஆறு சொல்லுக்குப் பிறகு வருகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிறந்த கதையும் வேடிக்கை. உங்கள் எதிர்ப்புப் பாட்டுகளை என்னால் விற்க முடியவில்லை, வேறு மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று பதிப்பாளர் கடிதம் போடுகிறார். சீகருக்குக் கோபம். இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி என்கிற முறுக்கோடு, பையில் வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து இந்த வசனங்களை எடுத்து மெட்டுப் போட்டு அனுப்புகிறார். பதிப்பாளருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீம்புக்குக் கொடுத்த பாட்டு சில வருஷத்தில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போகும் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரிந்திருக்காது.

4 அக்டோபர், இரவு

நான் இதை முதலில் கேட்டது 1989. சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போனவர். லீவில் வரும்போது ஒரு பை நிறைய கேசட் கொண்டுவருவார். எந்த ஊர்த் துறைமுகத்தில் வாங்கினாரோ, உறையில் பாதி எழுத்து அழிந்திருக்கும். ஒன்றில் பழைய அமெரிக்கப் பாட்டுகள் பதினாறு, இது ஆறாவது. குழுவின் பெயரில் ஐ வரவேண்டிய இடத்தில் ஒய் போட்டிருந்ததால் நான் அதை 'பைர்ட்ஸ்' என்று படித்தேன். கல்லூரி முதல் வருஷம் வரைக்கும் பைர்ட்ஸ்தான். விடுதியில் ஒருவன் திருத்தினான். அவன் திருத்திய விதத்தை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீடு பாளையங்கோட்டை. ஆச்சிக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. நான் கேசட்டை நிறுத்தி நிறுத்தி, வரிகளை எழுதி, அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என்னல எழுதுத என்று கேட்டாள். பிறக்க ஒரு காலம், சாக ஒரு காலம் என்று இரண்டு வரி சொன்னேன். மூன்றாவது வரியை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். அப்புறம் நிறுத்தாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டே எட்டாம் வசனம் வரை போனாள். "சிநேகிக்க ஒரு காலமுண்டு, பகைக்க ஒரு காலமுண்டு, யுத்தம்பண்ண ஒரு காலமுண்டு, சமாதானம்பண்ண ஒரு காலமுண்டு." முடித்துவிட்டு, "இது நம்ம பிரசங்கிலா? இவன் எதுக்கு இதப் படிக்கான்?" என்றாள். (எங்கள் பக்கம் பாட்டைப் 'படிப்பது'தான் வழக்கம்.)

பல்லவிக்கு என்ன அர்த்தம் என்றாள். திரும்பு, திரும்பு, திரும்பு என்றேன். "ஓ, மனந்திரும்பச் சொல்லுதானோ" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். கன்வென்ஷன் கூட்டத்தில் கூப்பிடுவது போல என்று நினைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. சீகர் சொன்னது பருவங்கள் சுழல்வதை. இருந்தாலும் தமிழில் கேட்டால் ஆச்சி சொன்ன அர்த்தமும் உள்ளே ஒட்டிக்கொள்கிறது, இன்றுவரை எனக்குப் போகவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் இந்தக் கேள்விக்கு என் பதில் என்று நினைக்கிறேன். பாட்டு ஓடி முடிந்ததும், "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சந்தோசமால்லா படிக்கான். சாவுக்கும் இதே ராகந்தானா?" என்றாள். குறையாகத்தான் சொன்னாள்.

5 அக்டோபர்

ஆச்சியின் பைபிளில் அந்த 'சமாதானம்பண்ண' என்ற இடத்தில் பென்சில் கோடு உண்டு என்றும் எழுத நினைத்து விட்டுப்போனது. சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 அக்டோபர், இரவு

நகல் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி, உங்கள் பக்கத்துக்கே சாதகமானது. பேர்ட்ஸ் பதிவில் கிட்டார்காரர் மெக்குவினைத் தவிரக் குழுவில் யாரும் வாசிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் கூலிக்கு வாசித்த ஸ்டுடியோக் கலைஞர்கள்தான் மேளமும் பேஸ் கிட்டாரும். குழுவினர் வாயை மட்டும் திறந்தார்கள்.

6 அக்டோபர், காலை 6.15

மேலே எழுதியது தப்பு. தூக்கக் கலக்கம்.

ஸ்டுடியோக் கலைஞர்கள் வாசித்தது அவர்களின் முதல் சிங்கிளில் (தனியாக வெளிவரும் பாட்டு), பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில். 1965 ஜனவரி 20 அன்று பதிவானது. அதில் ஹால் பிளெய்ன் மேளம், லாரி நெக்டெல் பேஸ். குழுவிலிருந்து மெக்குவின் மட்டும் கிட்டார். அதுவும் மறுபதிவுதான், அதுவும் முதலிடம் பிடித்தது.

'டர்ன்' பாட்டில் ஐந்து பேரும் தாங்களே வாசித்தார்கள். அதற்கான விலையையும் கொடுத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட டேக். ஒரே பாட்டை! முதல் சிங்கிளில் கைதேர்ந்தவர்கள் மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டை முடித்துக்கொடுத்தார்கள் என்று மெக்குவின் சொல்லிச் சிரிப்பார். அந்த எழுபது சொச்சத்தில் எத்தனையாவது டேக்கில் இவர்களுக்குச் சொற்களின் அர்த்தமே மரத்துப்போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆச்சி சொன்ன 'எல்லாத்துக்கும் ஒரே மாதிரி' அங்கிருந்து வந்ததோ என்னவோ. இது என் ஊகம் மட்டும்.

9 அக்டோபர்

சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தேன். விடுமுறை, மழை, கரண்ட் வேறு இல்லை.

சீகர் வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அப்படியே இல்லை. பைபிளில் அழுகை முன்னால், சிரிப்பு பின்னால். "அழ ஒரு காலமுண்டு, நகைக்க ஒரு காலமுண்டு." பாட்டில் சிரிப்பு முதலில், அழுகை கடைசியில். பைபிளில் இடிப்பது முன்னால், கட்டுவது பின்னால். பாட்டில் தலைகீழ். புலம்பல், நடனமும் அப்படியே மாறியிருக்கிறது. இயைபுக்கும் தாளத்துக்கும் செய்த வேலை, தெரிகிறது. ஆனால் விளைவு என்ன? பிரசங்கியில் பல இடத்தில் துக்கத்திலிருந்து சந்தோஷத்துக்குப் போகிறோம். பாட்டில் சந்தோஷத்திலிருந்து துக்கத்துக்கு இறங்குகிறோம், கடைசி வரி வரை.

அடுத்தது "நட ஒரு காலமுண்டு, நட்டதைப் பிடுங்க ஒரு காலமுண்டு". பாட்டில் பிடுங்குவது இல்லை, அறுப்பது. மென்மையாக்கிவிட்டார். நட்டதைப் பிடுங்கிப்போடுவது ஒரு நாசம், அறுப்பு ஒரு பலன். இங்கே உங்கள் சர்க்கரைப் பாகு குற்றச்சாட்டு பொருந்தும், ஆனால் பாகு ஊற்றியவர் சீகர், பேர்ட்ஸ் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஏழாம் வசனத்தில் கிழிப்பதும் தைப்பதும் பாட்டில் இருக்கிறது. அதே வசனத்தின் அடுத்த பாதி, "மவுனமாயிருக்க ஒரு காலமுண்டு, பேச ஒரு காலமுண்டு", பாட்டில் இல்லை! சீகரை 1955இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. யாரோடு சேர்ந்து எங்கே பாடினாய் என்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்பு வழக்கு போட்டு 1961இல் தண்டித்தார்கள், 1962இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. வாய் திறக்காததற்காகக் கோர்ட்டு ஏறிய ஆள், மவுனத்துக்கு ஒரு காலமுண்டு என்ற வரியை மட்டும் விட்டுவிடுகிறார். மெட்டில் உட்காரவில்லை என்று விட்டிருக்கலாம். எனக்கென்னவோ அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் இருமுகிற மாதிரி இருக்கிறது.

10 அக்டோபர்

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். "பிடுங்குவது நாசம் என்று யார் சொன்னது? நாற்றங்காலில் பிடுங்காமல் வயலில் எப்படி நடுவது?" என்று கேட்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். நெல் விளையும் ஊரில் பிடுங்குவதற்கு அடுத்த வேலை நடவு. காலையில் பெண்கள் நாற்றுப் பறித்து, சேற்றை உதறி, முடி கட்டி வரப்பில் போடுவார்கள். நாசமாவது ஒன்றாவது. என் மூளை டவுன் மூளை. ஆனால் வசனம் 'நட்டதைப் பிடுங்க' என்கிறது, நடுவதற்காகப் பிடுங்குவதை அல்ல. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு.

சின்ன வயதில் 'நகைக்க ஒரு காலமுண்டு' என்றால் நகை போட்டுக்கொள்ள ஒரு காலம் என்று நான் நினைத்திருந்ததையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். அழ ஒரு காலம், நகைக்கு ஒரு காலம். எங்கள் வீட்டு நகைகள் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் அடகுக்கடைக்குப் போகும், ஆச்சி அழுவாள். தை மாதம் திரும்பும். அந்த வயதுக்கு வசனம் கச்சிதமாகப் பொருந்தியது.

18 அக்டோபர்

கிட்டார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டார். பீட்டில்ஸின் 1964 படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைப் பார்த்துவிட்டு மெக்குவின் வாங்கினார். பன்னிரண்டு கம்பி என்றால் ஆறு ஜோடி. மேல் சுருதி ஜோடிகள் இரண்டிலும் இரு கம்பிகளும் ஒரே சுருதி. மற்ற நாலு ஜோடியில் ஒன்று கீழ் ஸ்தாயி, மற்றது அதன் மேல் ஸ்தாயி. சாதாரணப் பன்னிரண்டு கம்பி கிட்டாரில் கை கீழே இறங்கும்போது மெல்லிய கம்பியில் முதலில் படும். ரிக்கன்பேக்கரில் வரிசை மாற்றிக் கட்டியிருப்பார்கள், தடித்தது முதலில், மெல்லியது அதன் வாலில். அந்த ஒரு மயிரிழைத் தாமதம்தான் மணி அடித்து ஓயும்போது வரும் ரீங்காரம் போலக் கேட்கிறது. அதன் மேல் ஸ்டுடியோவில் கம்ப்ரசர் போட்டு அமுக்கினார்கள். பலமான ஓசை அடங்கி, ஓயப்போகிற ஓசை நீண்டது.

நான் 2009இல் சென்னையில் ஒரு பழைய பன்னிரண்டு கம்பி அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். இந்தப் பாட்டுக்காகவே. கடைக்காரர் புதுக் கம்பி போட்டது என்று சத்தியம் செய்தார். வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது கம்பியை முடிக்கும்போது முதல் கம்பி இறங்கியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் மரம் ஊறுகிறதோ என்னவோ. மூன்றாம் ஜோடியில் மேல் ஸ்தாயிக் கம்பி ஒன்று உண்டு, பன்னிரண்டிலும் மெல்லியது அதுதான். இன்னும் ஒரு கால் திருகு திருகினேன். டிங் என்று அறுந்து இடது கன்னத்தில் கோடு போட்டது. மனைவி விளக்கைப் போட்டாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தாள்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஓசை வந்ததா? இல்லை. காரணம் அப்புறம்தான் புரிந்தது. மெக்குவின் சிகாகோவில் நாட்டுப்புற இசைப் பள்ளியில் பாஞ்சோ (தோல் கட்டிய தந்தி வாத்தியம்) பழகியவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டைப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), அடுத்த இரண்டு விரல்களில் உலோக நகங்கள். பாஞ்சோவில் விரல்களை உருட்டுகிற மாதிரியே கிட்டாரில் உருட்டுகிறார். நான் மேலும் கீழும் வாரிக்கொண்டிருந்தேன், தேங்காய் துருவுகிற மாதிரி.

இதைக் கவனியுங்கள். பாஞ்சோ யாருடைய கருவி? சீகருடையது. பாஞ்சோ கற்றுக்கொடுக்க 1948இலேயே புத்தகம் போட்டவர் அவர். ஆக நீங்கள் 'நகல்' என்று சொல்லும் பதிவின் மிகப் புதிய ஓசைக்குள்ளேயே பழைய பாஞ்சோ உருண்டுகொண்டிருக்கிறது.

19 அக்டோபர்

'ஜூடி காலின்ஸை மறந்துவிட்டீர்களே' என்று ஒருவர். மறக்கவில்லை, கடைசிக்கு என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கெடுத்துவிட்டீர்கள்.

ஜூடி காலின்ஸ் 1963இல் தன் மூன்றாவது ஆல்பத்துக்காக இதே பாட்டைப் பாடினார். அதற்குக் கிட்டார் வாசித்து ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ஜிம் மெக்குவின். அதே மெக்குவின்தான், 1967இல் பெயரை ரோஜர் என்று மாற்றிக்கொண்டார். 1965 கோடையில் பேர்ட்ஸ் பஸ்ஸில் சுற்றுப்பயணம் போனபோது, பின்னாளில் மனைவியான தோழி இதை வாசிக்கச் சொன்னார் என்றும், வாசிக்கத் தொடங்கியதும் அது நாட்டுப்புற மெட்டாக வராமல் ராக் தாளத்தோடு வந்துவிட்டது என்றும் மெக்குவின் சொல்லியிருக்கிறார். ஆக அவர் சீகரை நகலெடுத்தார் என்பதைவிட, இரண்டு வருஷத்துக்கு முன் தான் செய்த வேலையையே திரும்பச் செய்தார் என்பது சரி. 'திரும்பு' என்றால் இதுவும்தான்.

ஜூடி காலின்ஸ் பதிவு அழகு. ஆனால் அதைக் கேட்டால் அழுகை வருகிறது. பேர்ட்ஸ் பதிவைக் கேட்டு எனக்கு அழுகை வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

20 அக்டோபர், தீபாவளி

வெடிச் சத்தத்தில் பாட்டுக் கேட்க முடியவில்லை, ஆகவே ஒரு கிளைக்கதை. பேர்ட்ஸ் பதிவின் தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர், நடிகை டோரிஸ் டேயின் மகன். அம்மா 1956இல் பாடிப் புகழ்பெற்றது 'கே சரா சரா', நடப்பது நடக்கும் என்கிற பாட்டு. மகன் ஒன்பது வருஷம் கழித்து எல்லாவற்றுக்கும் ஒரு காலமுண்டு என்ற பாட்டைத் தயாரிக்கிறார். குடும்பத் தொழில்.

அந்த அம்மா பாட்டின் மெட்டுதான் 1957இல் 'ஆரவல்லி' படத்தில் ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடிய 'சின்னப் பெண்ணான போதிலே'. நம்மூர்க் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அதைக் கேட்டவர்கள் யாரும் மூலம் எது, நகல் எது என்று சண்டை போட்டதில்லை. சாப்பாடு பரிமாறினார்களா என்றுதான் பார்த்தார்கள்.

2 நவம்பர்

ஒரே ஒரு தடவை என்று எழுதினேன், எது என்று கேட்கிறார்கள். இன்று கல்லறைத் திருநாள், எழுதிவிடுகிறேன்.

என் பழைய செல்போனில் இந்தப் பாட்டின் தொடக்கம்தான் ரிங்டோன். ஆச்சியை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறோம். ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) கொரிந்தியரிலிருந்து வாசிக்கிறார். போனை அணைக்க மறந்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்து கிண்கிண்கிண் என்று ஆரம்பித்துவிட்டது. பொத்தானைத் தேடுவதற்குள் பல்லவியின் முதல் வரி வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரியப்பா முகத்தில் கொலைவெறி. கூப்பிட்டது யார் என்றால், கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண் குரல்.

அப்போதுதான் "சாவுக்கும் இதே ராகந்தானா" என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, அடக்கினேன், அடக்கியது அழுகையாக வெளியே வந்தது. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இல்லை, பேரன் அழுகிறான். நல்லபடியாக முடிந்தது.

3 நவம்பர்

நேற்று எழுதியதை வைத்து, 'அப்படியானால் அது எதையும் உணராத பாட்டு, அதனால்தான் எங்கே போட்டாலும் பொருந்துகிறது, காலியான பாத்திரம்' என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். கொஞ்சம் காட்டமாக, ஆனால் யோசிக்க வைக்கிறது. பதில் இப்போது இல்லை.

16 நவம்பர்

இரண்டு வாரம் யோசித்தேன். காலியான பாத்திரம் இல்லை. ஆனால் என் முந்தைய பதிலும் போதவில்லை.

வருஷத்தைப் பாருங்கள். 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன்கள் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். வருஷக் கடைசியில் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் சுமார் 1,84,000 பேர். பாட்டு அக்டோபர் 1 அன்று வெளிவந்தது, டிசம்பர் 4 அன்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், மூன்று வாரம் அங்கேயே. அதே மூன்று வாரத்தில் இளம் பையன்கள் வீட்டுக்குக் கட்டாயப் பட்டாளத்துக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் இதே பாட்டு 26ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. அங்கே யாருக்கும் கடிதம் வரவில்லை. இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இப்போது கடைசி வரிக்கு வருவோம். பைபிளில் எட்டாம் வசனம் யுத்தம், சமாதானம் என்று முடிகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் காலம் உண்டு, தீர்ப்பு இல்லை. பிரசங்கி எழுதியவர் யார் பக்கமும் சாய்கிற ஆள் இல்லை. சீகர் யுத்தத்தையும் சமாதானத்தையும் நடுவில் ஒரு தடவை சொல்லிவிட்டு, முடிவில் சமாதானத்தை மட்டும் மறுபடி கூப்பிட்டு, அதோடு தன் ஆறு சொல்லை ஒட்டுகிறார். இன்னும் காலம் கடந்துவிடவில்லை, சத்தியமாக என்று. 'காலமுண்டு, காலமுண்டு' என்று அடுக்கிக்கொண்டே வந்த பாட்டில் 'காலம் போய்விடும்' என்ற பயம் வருகிற ஒரே இடம் அது.

சீகர் அதைப் பாடும்போது நான் தலையாட்டுகிறேன். அவர் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று முதல் வரியிலேயே தெரியும். பேர்ட்ஸ் பாடும்போது அப்படி இல்லை. பிறப்பு, சாவு, கொலை, குணமாக்கல் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு பாடி வந்த மூன்று பேர், சத்தியம் செய்யும் இடத்தையும் அதே முகத்தோடு பாடுகிறார்கள். குரல் உயரவில்லை, தாளம் நிற்கவில்லை. கவனிக்காமல் விட்டால் அது கடந்து போய்விடும். நான் முதல் இருபது முறை கவனிக்கவே இல்லை. இருபத்தோராவது முறை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கேட்டது, நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். சொல்ல வந்ததை அந்தப் பதிவு நம் கையில் திணிப்பதில்லை. ஆச்சி குறையாகச் சொன்னதுதான் அதன் பலம். இதை அவளிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

17 நவம்பர்

'மூன்று பேர்' யார் என்று கேட்டவருக்கு: மெக்குவின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி. முதல் இருவரும் பெரும்பாலும் ஒரே சுரத்தில் பாடுவார்கள், கிராஸ்பி மட்டும் அதைச் சுற்றி மேலும் கீழும் திரிவார். அதனால்தான் இரண்டு குரலா மூன்று குரலா என்று காது குழம்புகிறது. கிளார்க் 1991இல் போனார், கிராஸ்பி 2023 ஜனவரியில். சீகர் 2014இல், தொண்ணூற்று நாலு வயதில்.

22 நவம்பர்

பேத்திக்குத் தாலாட்டாகப் பாடலாமா என்று ஒருவர் கேட்கிறார். கொலை செய்ய ஒரு காலம் என்று வருகிறதே என்ற கவலை. கவலை வேண்டாம். சீகரின் மனைவி தோஷி தங்கள் பிள்ளைகளுக்காகவே தனி வரிகள் எழுதினார். அழுக்குக்கு ஒரு காலம், சோப்புக்கு ஒரு காலம் என்று போகும். என் பதிப்பில் நான் இட்லிக்கு ஒரு காலம், சட்னிக்கு ஒரு காலம் சேர்த்திருக்கிறேன். சட்னிக்குத் தனிக் காலம் கிடையாது என்று மகள் ஆட்சேபித்தாள். அதுவும் நியாயம்தான்.

30 நவம்பர்

கேள்வி கேட்டவர் சீகர் பதிவையும் பேர்ட்ஸ் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, "பாகு வாபஸ். ஆனாலும் சீகர்தான்" என்று எழுதியிருக்கிறார். இருக்கட்டும். சீகர் தன் பாஞ்சோவின் தோலைச் சுற்றி ஒரு வாசகம் எழுதியிருப்பார், இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு சரணடைய வைக்கும் என்று. அப்படிப்பட்ட ஆளோடு நமக்கு என்ன போட்டி.

26 டிசம்பர்

ஒரு திருத்தம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். ஆச்சியின் பைபிள் பெரியப்பா வீட்டு மர பீரோவில் இருந்தது. அக்டோபர் 5 அன்று 'சமாதானம்பண்ண' என்ற இடத்தில் பென்சில் கோடு உண்டு என்று எழுதினேன் அல்லவா? இல்லை. எட்டாம் வசனம் சுத்தமாக இருக்கிறது. நானாகக் கற்பனை செய்து இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு துரு அடையாளம். ஏழாம் வசனத்துக்கு நேரே, "கிழிக்க ஒரு காலமுண்டு, தைக்க ஒரு காலமுண்டு" என்ற வரியின் ஓரத்தில், ஓர் ஊசியின் நீளத்துக்கு. ஆச்சி தையல் மெஷின் வைத்திருந்தவள்.

இதைப் படித்துவிட்டு யாரும் உருக வேண்டாம். அவள் ஊசியை எங்கே வேண்டுமானாலும் குத்தி வைப்பாள். தலையணையில் குத்தி வைத்து எனக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அதே பைபிளில் லேவியராகமத்தில் மூன்று துரு, எண்ணாகமத்தில் ஒன்று.